எறும்பு ஊரும் காலுக்கு ஒரு சொல்

ஜவ்பர் நானாவின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது நான் அரசாங்கக் கச்சேரி வாசலில் ஒருவருக்குக் காணி மனு எழுதிக்கொண்டிருந்தேன். "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க. சுபஹுக்கு எழும்பித் தொழுதாங்க, பொறவு சாஞ்சவங்கதான், எழும்பல்ல," என்றாள். எதிரே இருந்தவர், "ஐயா, திகதி போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். போட்டேன். போட்ட திகதியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேசையை மடித்துவிட்டு மையவாடிக்குப் போனேன். மதிலோரமாக நின்ற என்னைப் பள்ளிவாசல்காரர் ஒருவர் கைகாட்டி அழைத்து, "வாங்க, நீங்களும் மூணு பிடி மண் போடுங்க, ஒங்கட கூட்டாளிதானே," என்றார். போட்டேன்.

அதற்கு இரண்டு கிழமை கழித்து மாத்தளையில் அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம் நடந்தது. அவரை அறிந்த உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருபது நிமிடம் பேசினார். ஜவ்பர் ஒரு வேடிக்கையான மனிதர் என்றார். யாருக்கும் உதவாத ஆங்கிலச் சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தார், அவற்றைத் தப்பாக உச்சரித்தார், ஆனால் நல்லவர் என்றார். கூட்டம் சிரித்தது. நான் இரண்டு முறை கையை உயர்த்தினேன். நேரம் போதாது என்றார்கள். சான்றிதழ் உள்ளவனுக்கு இருபது நிமிடம், இல்லாதவனுக்கு நேரம் போதாது. இது எனக்குப் புதிதல்ல. மேடையில் சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

ஜவ்பர் நானா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, நகரத்து ஹாட்வெயார் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே முதுமை அடைந்தவர். சொல் பொறுக்கும் பழக்கம் அந்தக் கடையில்தான் வந்தது. ஹாட்வெயார் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தமக்கு வேண்டிய சாமானின் பெயர் தெரியாது. "அந்த வளைஞ்சது", "அந்த ஓட்டைக்குப் போடுறது" என்று கையால் காற்றில் வரைவார்கள். ஒருநாள் ஒருவர் சாவித் துவாரத்தைச் சுற்றிப் பதிக்கிற தகடு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பத்து நிமிடம் தேடியும் இருவருக்கும் பெயர் கிடைக்கவில்லை. கடையில் இருந்த பழைய விலைப்பட்டியலைப் புரட்டியபோது அதற்கு 'எஸ்கச்சன்' என்று பெயர் போட்டிருந்தது. "முத்தையா, வெரல் நகம் அளவு தகடு. அதுக்கும் எவனோ ஒக்காந்து பேர் வெச்சிருக்கான்," என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது, பள்ளிவாசலுக்குள் பேசுகிறவர் குரல் போல.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தோட்டத்துத் துரை பங்களா ஒன்றில் சாமான்களை ஏலம் விட்ட நாளில் மற்றவர்கள் கட்டிலையும் கண்ணாடி அலுமாரியையும் பார்க்க, அவர் ஓர் ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலையணை அளவு கனம். அட்டை இல்லை. முன்பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. ஆகையால் அவருடைய ஆங்கிலம் ஏ எழுத்தின் நடுவிலிருந்துதான் தொடங்கும். அதைக் கதைப்புத்தகம் வாசிக்கிறவர் போல வரிசையாக வாசித்தார். சொற்களைக் கலண்டர் தாள்களின் பின்புறத்தில் எழுதிக் கம்பியில் கோத்து வைத்தார். எல்லாம் நாம் அன்றாடம் பார்க்கிற, தொடுகிற, படுகிற விஷயங்கள். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. குடை நுனியில் இருக்கிற உலோகக் குப்பி. நகத்தின் அடியில் தெரிகிற வெள்ளைப் பிறை. பசி வயிறு போடுகிற சத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு அவர் சவரக்காரரிடம் கேட்டார்: "தம்பி, மூக்குக்கும் ஒதட்டுக்கும் நடுவுல இந்தப் பள்ளம் ஈக்கே, இதுக்கு என்ன பேர்?"

"நானா, பேசாதீங்க. கத்தி வெச்சிருக்கேன்."

"பேர செல்லிட்டு வைங்க."

"மீசை வைக்கிற எடம். வேற என்ன?"

"மீசை இல்லாதவனுக்கு?"

சவரக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "முப்பது வருஷமா இதுல கத்தி போட்டுக்கிட்டு வாறேன். பேரு கேக்கணும்னு தோணவே இல்லையே."

"ஃபில்ட்ரம்," என்றார் ஜவ்பர் நானா, அந்தப் பள்ளத்தைத் தானே விரலால் தொட்டபடி. சலூனில் இருந்த ஐந்து பேரும் கண்ணாடியைப் பார்த்துத் தங்கள் மேலுதட்டைத் தடவிக்கொண்டோம். இன்றும் சவரம் செய்யும்போது என் விரல் அங்கே ஒரு கணம் நிற்கிறது. அதிபர் சொன்னது சரிதான், உச்சரிப்புத் தப்பாக இருந்திருக்கலாம். அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டதில்லை. எழுத்தில் கண்டதை நாக்கால் தடவிப் பார்த்துச் சொன்னார். நானும் அப்படித்தான் ஆங்கிலம் படித்தேன். அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஆனால் நானும் அவரோடு சண்டை போட்டவன்தான். பல வருடம் போட்டேன். என் கட்சி இதுதான்: நம் பாஷையில் இல்லாததா? இதற்கெல்லாம் வெள்ளைக்காரன் எதற்கு? ஒருமுறை அவர், இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து அள்ளுகிற அளவுக்கு ஸ்கொட்லாந்துக்காரர்களிடம் 'கவ்பன்' என்று ஒரு சொல் இருப்பதாக வந்து நின்றார். கையையும் குழித்துக் காட்டினார், உள்ளே ஏதோ இருப்பது போல.

"ரெண்டு கை அள்ளு. அவ்வளவுதானே நானா? எங்க வீட்டுல தெனமும் சொல்றது."

"செல்லுறீங்க. எழுதுறீங்களா?"

"எழுத என்ன இருக்கு அதுல?"

"அதான் நான் கேக்குறது. வாயில ஈக்கிறது எல்லாம் ஒங்கட பேனைக்கி வாறப்ப எங்க போகுது?"

நான் கோபத்தோடு எழுந்து போய்விட்டேன். மனு எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்றே பொது நூலகத்துக்குப் போய், அவருடைய அகராதியில் கறையான் தின்ற பக்கங்களை முழு அகராதி ஒன்றில் தேடி வாசித்தேன். சப்பாத்து லேஸின் நுனியில் இருக்கிற சின்னக் குழாய்க்கு 'அக்லெட்' என்று பெயர் இருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். அவர் தன் சப்பாத்தைக் கழற்றி லேஸின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ். முத்தையா, இது எனக்குத் தெரியா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெல்ல வந்தவனுக்கு அதைவிட எரிச்சலான பதில் வேறு இருக்க முடியாது.

இனி நான் எழுத வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படிவத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதற்கு ஏற்ற அளவில் ஆளை வெட்டுவது. வருகிறவர் அரை மணி நேரம் கதை சொல்வார். நாம் அதில் 'சேதம்', 'இழப்பு', 'தகராறு' என்று ஒரு சொல்லை மட்டும் எடுத்து மிச்சத்தைக் கீழே போட்டுவிடுவோம். அதிகாரிக்கு அதுதான் புரியும், வேலை நடக்கும். நாற்பது வருடம் இப்படிச் செய்தேன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன்.

என் மனைவி பார்வதி ஒருநாள், "என்னங்க, காலுக்குள்ள என்னமோ ஊருதுங்க," என்றாள். கொஞ்ச நாளில் இரண்டு காலிலும் ஊர்கிறது என்றாள். கிளினிக்குக் கூட்டிப்போனேன். மனு எழுத வருகிறவர்களுக்குச் செய்வது போலவே, போகும் முன் ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்தேன்: இரண்டு கால்களிலும் கடும் வலி. அவள் வலி என்று சொல்லவில்லை. நான் எழுதினேன். டாக்டருக்கு ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். ஊருகிறது என்றால் யார் பார்ப்பார்கள்? வலி என்றால் பார்ப்பார்கள். பார்த்தார்கள். பனடோலும் பூசுகிற மருந்தும் கொடுத்தார்கள். எட்டு மாதம் அதே துண்டு, அதே மருந்து. யாரையும் குறை சொல்ல முடியாது. நான் எழுதியதற்குத்தான் அவர்கள் மருந்து கொடுத்தார்கள்.

ஒன்பதாம் மாதம் அவள் சமதரையில் விழுந்தாள். குசினியில், ஈரம்கூட இல்லாத இடத்தில். அதன்பிறகு சுவரைப் பிடிக்காமல் நடக்க மாட்டாள். முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். வயது என்றேன் நான்.

அவள் விழுந்ததைக் கேள்விப்பட்டு ஜவ்பர் நானா பார்க்க வந்தார். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சம்பிரதாயத்துக்கு நலம் விசாரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளிடம் கேட்க ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நோவுதா?"

"இல்ல நானா. நோவே இல்ல."

"பொறவு?"

"எறும்பு ஊருது."

"தோலுக்கு மேலயா, உள்ளுக்கா?"

"உள்ளுக்கு."

"கடிக்குதா?"

"கடிச்சா பரவால்லயே. கடிக்காம ஊருது. எப்ப கடிக்குமோன்னு இருக்கு."

"பொறவு?"

"தரையில கால் வெச்சா தரை இருக்கிற மாதிரியே இல்ல நானா. பஞ்சு மூட்டை மேல நடக்கிற மாதிரி."

எனக்குப் பொறுக்கவில்லை. "இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னா சிரிப்பாங்க," என்றேன்.

"முத்தையா, கொஞ்சம் வாய மூடுங்க. இது ஒங்கட மனு இல்ல."

பார்வதி சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். "நாப்பது வருஷமா நான் சொல்ல நெனச்சத நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க நானா."

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். அவர் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாத விஷயங்களை எல்லாம் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவினால் சாய்கிறாளாம். செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரிவதில்லையாம். போகும்போது ஜவ்பர் நானா வாசலில் நின்று, "இதுக்கு ஒரு சொல் ஈக்கி. எஃப் எழுத்துல எங்கயோ பாத்திருக்கன்," என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மனிதன் மனைவியின் காலைப் பற்றிக் கவலைப்படுகிறான், இவர் சொல் தேடுகிறார்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் குடையோடு என் மேசைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. எஃப் எழுத்து முழுவதையும் பக்கம் பக்கமாக வாசித்திருக்கிறார்.

"ஃபோர்மிகேஷன்," என்றார். "எறும்புக்கு லத்தீன்ல செல்லுற சொல்லுல இருந்து வந்திருக்கி. முத்தையா, யோசிச்சுப் பாருங்க. எந்தக் காலத்துலயோ, எந்த ஊர்லயோ, எவளுக்கோ இதே மாதிரி ஊரியிருக்கி. அவ செல்லியிருக்கா, எவனோ ஒருத்தன் அவ செல்லுறத நம்பி எழுதியிருக்கான். அதான் சொல்."

கச்சேரி வாசலில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். என் கையில் பேனை இருந்தது. அந்த வயதான மனிதர் வியர்வையோடு நின்று சொன்னதைக் கேட்டு என் உடம்பு சிலிர்த்தது. அதை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டருக்குக் கொடுக்கிற கடிதத்தை அவரே ஆங்கிலத்தில் எழுதினார். ஐந்து வரி. முதல் வரியே, இந்த நோயாளிக்கு வலி இல்லை என்று இருந்தது. மற்ற வரிகளில் அந்தச் சொல்லும், பஞ்சு மூட்டையும், கண்ணை மூடினால் சாய்வதும் இருந்தன.

"வலி இல்லன்னு எழுதுனா வெளிய அனுப்பிடுவாங்க நானா. முதல் வரியை வெட்டுங்க."

"வெட்ட மாட்டன். வலி இல்லாதவளுக்கு வலிக்கி மருந்து குடுத்தா, அது பொய்க்கிக் குடுக்கிற மருந்து. பொய் சுகமாகும், கால் சுகமாகாது."

அந்தக் கடிதத்தோடு போனோம். அந்த முறை இருந்தவர் ஓர் இளம் சிங்கள டாக்டர் பெண். எழுதிக்கொண்டிருந்த கையோடு வாங்கினார், வாசித்தார், பேனையைக் கீழே வைத்தார். மறுபடி வாசித்தார். பிறகு பார்வதியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அதன் அடியைக் கணுக்கால் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். கவை ரீங்காரம் இடுவது நான்கு அடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது. எலும்பின் மேலேயே அதை வைத்திருந்தும் பார்வதி, "எத வெச்சாங்க? வெச்சிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் எட்டு மாதமும் என் தலையில் இறங்கியது.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாமிசம் படாத வீடு எங்களுடையது. மாமிசத்தில் கிடைக்கிற, நரம்புக்கு வேண்டிய வைட்டமின் ஒன்று அவள் உடம்பில் அநேகமாக இல்லை என்றார்கள். ஊசி போடத் தொடங்கினார்கள். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் நடை திரும்பியிருக்காது என்று டாக்டர் சொன்னார். பிறகு கடிதத்தைக் காட்டி, இதை எழுதிய டாக்டர் யார் என்று கேட்டார். ஹாட்வெயார் கடையில் இருந்தவர் என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்.

நடை உடனே திரும்பவில்லை. முதலில் ஊர்வது நின்றது. பிறகு தரை தரையானது. ஒருநாள் காலை பார்வதி சுவரைப் பிடிக்காமல் ஹாலைக் கடந்து போய்க் கதவைத் திறந்தாள். இப்போது கோயிலுக்கு நடந்துதான் போய்வருகிறாள். ஆட்டோ வேண்டுமா என்று கேட்டால் கோபம் வருகிறது.

ஜவ்பர் நானாவிடம் நான் சொன்னது, "ஊசி போடுறாங்க" என்பது மட்டும். அவர் கேட்டது, "இப்ப ஊருதா?" என்பது மட்டும். பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா என்று அவர் ஒருநாள் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் திருப்பிக் கொடுக்க ஒரு நல்ல பதிலும் வைத்திருந்தேன். கடைசிவரை சொல்லவில்லை. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் ஒரு சொல் சொல்லியிருப்பேன். பிழை என்னுடையது, நானா. என் மனைவி ஒன்று சொன்னாள், நான் வேறொன்று எழுதினேன். உங்களுக்குக் கேட்காத இடத்தில், உங்களை அறிந்தவர்கள் முன்னால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. தாமதத்துக்கு என் பிடிவாதம் தவிர வேறு காரணம் இல்லை.

கூட்டத்தில் சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் சேர்த்தது யாருக்கும் உதவாத சொற்கள் அல்ல. யாரோ ஒரு மனிதன் ஒரு சின்ன விஷயத்தை விட்டுவிடாமல் நின்று பார்த்ததற்கு ஒவ்வொரு சொல்லும் சாட்சி. அந்தச் சாட்சிகளை ஹாட்வெயார் கடையில் வேலை பார்த்த ஒருவர் கம்பியில் கோத்து வைத்திருந்தார். அப்படி ஒருவர் நம் ஊரில் இருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் பிரமிப்பாக இருக்கிறது.

அவருடைய மகள் அகராதியை என்னிடம் தர வந்தாள். வேண்டாம் என்றேன். அது அவள் வீட்டில் இருக்க வேண்டியது. என்னிடம் இருப்பது வேறு. ஒருவர் பேசி நிறுத்தியதும் "பொறவு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார் அல்லவா, அது இருக்கிறது. அவர் போனபிறகுதான் அது என் மேசைக்கு வந்தது.

போன கிழமை லக்கலையிலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்தாள். யானைப் பிரச்சினை. நட்டஈட்டுப் படிவத்தில் வீடு, பயிர், உயிர் என்று மூன்று கட்டங்கள். இந்த ஒரு வருடமாக யானை அவள் வளவுக்குள் வரவில்லை. பழைய முத்தையாவாக இருந்தால் பயிர்ச் சேதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பியிருப்பேன். சிங்களத்தில் கேட்டேன்: பிறகு? அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள். பொழுது சாயும் முன்னே சாப்பிட்டுவிடுவார்களாம். புருஷன் சாப்பிடும்போது இவள் வேலிப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருப்பாள், இவள் சாப்பிடும்போது அவன். சட்டி மூடி விழுந்தாலும் நெஞ்சு நின்று போகுமாம். பிள்ளை சத்தமாகச் சிரித்தால் வாயைப் பொத்துகிறார்களாம். வராத யானையோடு ஒரு வருடம் வாழ்ந்திருக்கிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் சொல் உண்டா என்று எனக்குத் தெரியாது. தமிழிலும் சிங்களத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று கட்டங்களிலும் 'இல்லை' என்று எழுதினேன். பிறகு வேறொரு தாளை எடுத்து, அவள் சொன்னதை அவள் சொன்ன ஒழுங்கிலேயே எழுதினேன். சட்டி மூடியை எழுதினேன். பிள்ளையின் சிரிப்பை எழுதினேன். ஒரு மணி நேரம் பிடித்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

முணுமுணுக்கட்டும்.